மருந்து அறையில் எடுத்த படம்

14 ஜூலை 1999, புதன்

ஊருக்கு வடக்கே இருக்கும் பட்டாசு ஆலையிலிருந்து மேனேஜர் வரதராஜன் கடைக்கு வந்தார். ஆலை தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். வெள்ளி விழா மலர் போடுகிறார்கள். வாசல், ஆபீஸ், முதலாளி நாற்காலியில், முதலாளி நாற்காலி இல்லாமல், எல்லாம் எடுக்க வேண்டும். மருந்து அறைக்குள் பெண்கள் வேலை செய்வது போலவும் சில படங்கள் வேண்டும், கலரில்.

"உள்ள ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, பாத்துக்கங்க" என்றார்.

பட்டாசுக்குள் அடைக்கும் ரசாயனக் கலவையைத்தான் இங்கே எல்லோரும் மருந்து என்போம். அதைச் சலித்து அடைக்கிற அறையில் கரண்ட் விளக்கே கிடையாது. கதவு வழியாக வருகிற வெளிச்சம்தான். ஊரில் என்னைத் தவிர ஐந்து ஸ்டுடியோ இருக்கிறது. ஐந்து பேரிடமும் ஃபிளாஷைப் பிடுங்கிவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். மாப்பிள்ளையின் மூக்கில் வெள்ளையடிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. நான் மேனேஜரிடம் ஆயிரத்து அறுநூறு ஸ்பீடு ஃபிலிம் பற்றிச் சொன்னேன். நாம் வழக்கமாகப் போடும் நூறு ஸ்பீடு ஃபிலிமுக்கு வேண்டிய வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கு அதற்குப் போதும். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையாட்டினார்.

16 ஜூலை

மதுரைக்குப் போய் ஃபிலிம் வாங்கி வந்தேன். இரண்டு ரோல். சூடு பட்டால் கெட்டுவிடும் என்று ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சண்முகத்தாய் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் போத்திவிட ஒரு துண்டு வேணுமா?" என்று கேட்டாள். கல்யாணமாகிப் பதினேழு வருடமாக என் தொழிலை அவள் இப்படித்தான் மதிக்கிறாள்.

17 ஜூலை

மேகமூட்டம். நாலு பாஸ்போர்ட் சைஸ். ஒருவர் கண்ணை மூடிவிட்டார்.

19 ஜூலை, திங்கள்

மருந்து வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிடுவார்கள். அதனால் ஏழு மணிக்கே போனேன். ஃபோர்மேன் அய்யனார் என்னை வாசலில் நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொன்னான். சட்டையைத் தொட்டுப் பார்த்து, பருத்திதானா என்று கேட்டான். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டான். கடைசியில் கேமராவுக்கு வந்தான்.

"இதுக்குள்ள பேட்டரி இருக்கா அண்ணாச்சி?"

"மீட்டருக்கு மட்டும் ஒரு சின்ன வில்லை. ஒண்ணும் பண்ணாது."

"கழட்டிருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கேமரா பேட்டரி இல்லாமலும் ஓடும். ஆனால் வெளிச்சத்தை அளக்க முடியாது. இருட்டு அறையில் அளவு தெரியாமல் எடுப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியுமா? கழற்றிக் கொடுத்தேன். கண்ணாலேயே மதிப்புப் போட்டேன். லென்ஸை முழுக்கத் திறந்து, நொடியில் முப்பதில் ஒரு பங்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டியதுதான்.

சின்ன அறை. நாலு பேர்தான் இருக்கலாம் என்று கதவுக்கு மேலே பெயின்டில் எழுதியிருக்கிறது. உள்ளே ஒன்பது பேர். தீபாவளி ஆர்டர் நெருக்கடி. கிழக்குக் கதவு வழியாக வந்த வெளிச்சம் ஒரு பலகை போலத் தரையில் கிடந்தது. அதற்குள் பெண்களின் கைகள் வேகமாகப் போய்வந்தன. இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

குருவம்மாள் என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். ஆவணியில் கல்யாணமாம். "என்னையத் தனியா ஒண்ணு எடுங்க அண்ணாச்சி, மாப்பிள வீட்டுக்குக் குடுக்கணும்" என்றாள். "மூஞ்சியெல்லாம் வெள்ளிப் பொடி பூசிக்கிட்டுப் போட்டோவா?" என்று பக்கத்தில் இருந்தவள் கிண்டலடித்தாள். இவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இன்னும் பூசிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டேன்.

அய்யனார் மட்டும் சிரிக்கவில்லை. முழு நேரமும் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான். "சீக்கிரம் அண்ணாச்சி, சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டே இருந்தான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. வெளியே வந்ததும் கேட்டான்:

"உள்ள இருந்த அத்தன பேரும் படத்துல விழுந்திருப்பாகளா?"

"எல்லாரும்தான்."

"விழட்டும். நாலு பேருக்கு மேல உக்கார வைக்காதீகன்னு நானும் ஆறு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்க வாயச் சொல்லி யாரு கேக்கா?"

எனக்கு அந்த விவகாரமெல்லாம் எதற்கு. எனக்கு என் ரோலைப் பற்றித்தான் கவலை.

23 ஜூலை, வெள்ளி

விழுந்திருக்கிறது! மதுரை லேபில் பிரிண்ட்டைக் கையில் வாங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பதினான்காவது ஃபிரேமில் ஒன்பது முகமும் இருக்கிறது. நிழலில் நிற்கிறவளின் மூக்குத்தி வரை தெரிகிறது. பேட்டரி இல்லை, மீட்டர் இல்லை, ஃபிளாஷ் இல்லை. இருபது வருடத் தொழிலில் நான் எடுத்த நல்ல படம் இதுதான். வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பதால் நானே எழுதிவைக்கிறேன்.

வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் பொடிப் பொடியாக ஏதோ மின்னுகிறது. லேப்காரரிடம் காட்டினேன். "ஸ்பீடு ஃபிலிம்னா கிரெய்ன் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். கிரெய்ன்தான். வேகமான ஃபிலிமில் மணி மணியாகப் பிரிந்துதான் வரும்.

24 ஜூலை

மேனேஜர் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இதுல நாலு பேரு மட்டும் தெரியிற மாதிரிப் பண்ண முடியுமா?"

முடியும் என்றேன். பிரிண்ட்டின் மேல் கறுப்புக் காகிதத்தை நகர்த்தி நகர்த்தி ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். இடது பக்கத்தை விட்டுவிட்டு, மேலே கொஞ்சம் குறைத்தால் நாலே பேர். குருவம்மாள் நடுவில் வருகிறாள். உண்மையைச் சொன்னால் படம் முன்பைவிடக் கச்சிதமாக இருக்கிறது. "கைகாரர்தான்யா நீரு" என்றார் மேனேஜர். அந்த அளவில் பெரிதாக்கிக் கொடுக்கச் சொன்னார்.

2 ஆகஸ்ட்

காது குத்து ஒன்று. குழந்தை அழுத அழுகையில் தாய்மாமனும் அழுதுவிட்டார். பெரிதாக்கிய படங்களை மேனேஜரிடம் சேர்த்தேன். குருவம்மாளுக்குத் தனிப் பிரிண்ட் போட வேண்டும், மறந்துகொண்டே இருக்கிறேன்.

9 ஆகஸ்ட், திங்கள்

காலை எட்டே கால். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் எல்லோரும் வடக்கே பார்த்தார்கள்.

10 ஆகஸ்ட்

ஐந்து பேர். அதே அறை. குருவம்மாள் அதில் உண்டு. அய்யனார் வெளியே இருந்தவன், உள்ளே இருந்தவர்களை இழுக்கப் போய் முகமும் கையும் வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

கடையைத் திறக்கவில்லை. சண்முகத்தாயிடம் அந்தப் படத்தை நான்தான் பெருமையடித்துக் காட்டியிருந்தேன்.

11 ஆகஸ்ட்

மேனேஜர் வந்தார். சவரம் செய்யாமல் பாதி ஆளாக இருந்தார். அந்த ரோலின் நெகட்டிவ், பிரிண்ட் எல்லாவற்றையும் முதலாளி கேட்கிறாராம். மலர் வேலை நிற்கிறதாம், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டுமாம்.

கல்யாண வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் நான் நெகட்டிவ் கொடுப்பதில்லை. பிரிண்ட் உங்களுக்கு, நெகட்டிவ் எனக்கு, அதுதான் தொழில் முறை. கடையில் போர்டே வைத்திருக்கிறேன். ஆனால் இது வேறு. ஃபிலிமுக்கும் லேபுக்கும் அவர்கள்தான் கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் அது அவர்கள் சொத்து. கடை இருக்கிற கட்டிடம் முதலாளியின் மைத்துனருடையது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கவரில் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எண்ணிக்கொண்டார்.

14 ஆகஸ்ட்

பேப்பரில் வந்திருக்கிறது. ஃபோர்மேனின் கவனக்குறைவால் விபத்து. அய்யனார் மேல் கேஸ். ஆலையில் விதிப்படி நாலு பேர்தான் வேலை செய்தார்களாம். விவரம் தெரியாத யாரோ எழுதியிருக்கிறான் என்று பேப்பரை மடித்து வைத்தேன்.

"அஞ்சு பேரு செத்த ரூம்ல எப்படிங்க நாலு பேரு இருந்திருப்பாக?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

ஒரு ஆள் வெளியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கலாம் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மறுபடி களைந்தாள்.

16 ஆகஸ்ட்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். மருந்து அறையில் நான் படம் எடுத்தேன் என்று ஆஸ்பத்திரியில் அய்யனார் சொல்லியிருக்கிறான். உள்ளே எடுத்தவை வெளிச்சம் போதாமல் பதிவாகவில்லை என்று சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டே வரி. வெளிச்சம் போதாமல் என்று எழுதியதைப் பார்த்ததும் அந்த நேரத்திலும் எனக்கு ரோஷம் வந்தது. அப்படி ஒரு புத்தி எனக்கு.

18 ஆகஸ்ட், புதன்

அய்யனாரின் மனைவி வேலுத்தாய் மதுரையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். தூக்குவாளி கையில் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அவுக பேச முடியாமப் பேசுறாக. நீங்க எடுத்த படத்துல ஒம்பது பேரும் இருக்காக, அத வாங்கிட்டு வான்னு சொல்லி அனுப்புனாக. அது இருந்தாத்தான் கேஸ்ல நிக்க முடியும்னு வக்கீலும் சொல்றாரு."

"படம் விழலம்மா."

"விழலையா?"

"வெளிய எடுத்ததெல்லாம் நல்லா வந்துச்சு. உள்ள எடுத்தது ஒண்ணுமே விழல. ஒரே கறுப்பு."

அவள் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தாள். கல்யாண ஜோடிகள், குழந்தைகள். பிறகு என்னைப் பார்த்தாள். சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் சந்தேகப்படவில்லை.

"நீங்க என்ன பண்ணுவீக பாவம். அந்த இருட்டுல எப்படி விழும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

21 ஆகஸ்ட்

கிரெய்ன் என்றால் படம் முழுக்க இருக்கும். சுவரில் இருக்கும், சேலையில் இருக்கும், நிழலில்தான் அதிகம் இருக்கும். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் மின்னுவது கிரெய்ன் இல்லை. இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். லேபில் நின்றபோதும் தெரியும். லேப்காரர் சொன்னது வசதியாக இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

அறை முழுக்க மருந்துத் தூசி பறந்துகொண்டிருந்தது. ஒன்பது பேர் கைவேகத்தில் கிளம்பிய தூசி. குருவம்மாள் இமையில்கூட இருந்தது. படத்தை முதலில் பார்த்த ஆள் நான். அன்றைக்கே யாரிடமாவது காட்டியிருக்கலாம். காட்டாததோடு, காகிதத்தை நகர்த்தி நகர்த்தி அழகுபடுத்தினேன்.

22 ஆகஸ்ட்

தலைவலி. கடை உண்டு.

25 ஆகஸ்ட், புதன்

வேலுத்தாய் மறுபடி வந்தாள். ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. எதுவும் கேட்க வரவில்லை, அய்யனார் சொல்லியனுப்பியதைச் சொல்ல வந்திருக்கிறாள்.

"படம் விழலன்னு சொன்னேன் அண்ணாச்சி. ராத்திரியெல்லாம் புலம்பிக்கிட்டே கெடந்தாக. அன்னைக்குப் பேட்டரியக் கழட்டச் சொன்னது இவுகதானாம்ல? அதனாலதான் படம் கெட்டுப்போச்சு, பாவம் அவரு தொழில நான் கெடுத்துட்டேன், அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வான்னு சொன்னாக."

உள்ளிருந்து சண்முகத்தாய் வந்துவிட்டாள். கடைக்குப் பின்னால்தான் வீடு, எல்லாம் கேட்டிருக்கிறது. வேலுத்தாய்க்குக் காபி கொடுத்தாள். நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

அவள் போனதும் சண்முகத்தாய் சொன்னாள்: "நீங்களாப் போயிச் சொல்றீகளா, நான் போகவா?"

26 ஆகஸ்ட்

மேனேஜரைப் பார்க்கப் போனேன். நெகட்டிவ் வேண்டும் என்றேன். "எந்த நெகட்டிவ்?" என்றார். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

3 செப்டம்பர், வெள்ளி

விசாரணை அதிகாரி முன்னால் நானாகப் போய் நின்றேன். படம் விழுந்தது, ஒன்பது பேர் இருந்தார்கள், காற்றில் மருந்துத் தூசி இருந்தது, நெகட்டிவை மேனேஜரிடம் கொடுத்தேன் என்று எல்லாம் சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அந்த லேசு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அதிகாரி ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். "அழகுவேல்ங்கிறது நீங்கதானே? இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"வெளிச்சம் போதாமப் பதிவாகலன்னு பதினாறாம் தேதி எழுதிக் குடுத்திருக்கீங்க. இன்னைக்கு நல்லாப் பதிவாச்சுன்னு சொல்றீங்க. ரெண்டுல எது பொய்?"

"அன்னைக்குச் சொன்னதுதான் சார்."

"அத நான் எப்படி நம்புறது? படம் இருக்கா?"

இல்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லி, நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார். ஆனால் இரண்டு தாளும் ஒரே ஃபைலில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் என்றும், ஒன்றை வைத்து மற்றதை எந்த வக்கீலும் உடைத்துவிடுவார் என்றும் சொன்னார். அந்த அறையில் பிழைத்த பெண்கள் நாலு பேர். நாலு பேரையும் முதலாளி தன் இன்னொரு ஆலைக்கு மாற்றிவிட்டார். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

5 செப்டம்பர், ஞாயிறு

மதுரைக்குப் போனேன். சண்முகத்தாய் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

அய்யனாரின் கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் கட்டு. வேலுத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அண்ணாச்சி வந்திருக்காக" என்று அவன் காதருகே சொன்னாள். அவன் கண் என் பக்கம் திரும்பியது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுவான் என்று பயந்து நானே முந்திக்கொண்டேன்.

"அய்யனாரு, படம் விழுந்துச்சுப்பா."

எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புக் காகிதத்தை நகர்த்தியதைச் சொன்னேன். கவரில் போட்டுக் கொடுத்ததை, கையெழுத்துப் போட்டதை, அதிகாரி கேட்ட கேள்வியை. வேலுத்தாய் பாதியிலேயே எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்து, "ரெண்டு வாரமா உங்களுக்காகத்தான அண்ணாச்சி அவுக வெந்துக்கிட்டுக் கெடந்தாக" என்றாள். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அய்யனார் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு கேட்டான்:

"படம் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க. யாரு யாரு எங்க இருந்தாக?"

கண்ணை மூடிக்கொண்டால் எனக்கு அந்த ஃபிரேம் அப்படியே தெரியும். இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். பச்சைச் சேலை, சல்லடை வைத்திருந்தவள். அவன் "பூரணம்" என்றான். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, நெற்றியில் பெரிய பொட்டு. "முனியம்மா மதினி." மூக்குத்திக்காரி. "செல்வி." அவன் ஒவ்வொரு பேராகச் சொன்னான். சில பேருக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தினான். அவர்கள் செத்துப்போனவர்கள் என்று எனக்கு விளங்கியது. எனக்கு அந்த அறையில் குருவம்மாள் பேரைத் தவிர வேறு ஒரு பேரும் தெரிந்திருக்கவில்லை. நடுவில் அவள் சிரித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "ஆமா, அன்னைக்குச் சிரிச்சா" என்றான். கடைசியில் வலது ஓரத்தில் பாதி முகம் காட்டி உட்கார்ந்திருந்தவள் வரை வந்தேன்.

"அவ்வளவுதான். ஒன்பது பேர்" என்றேன்.

"பத்து" என்றான் அய்யனார்.

நான் மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான் என்றேன்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"நீங்களும் உள்ளதான நின்னீக அண்ணாச்சி. உங்களுக்கும் சேத்துத்தான் அன்னைக்கு நான் பயந்துக்கிட்டு நின்னேன்."

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். வேலுத்தாய் ஸ்டூலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் எழுந்து வெளியே வந்தேன்.